நீலக் கோடு போட்ட கரண்டு கார்: அப்படியே விடுவதா, கருப்படித்துவிடுவதா?

முகப்புவாசல் (தேவகோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். சொந்தக்காரர் ஒருத்தர் கோயம்புத்தூர்ல வச்சிருந்த 2021 நெக்ஸான் இவியை (டாடாவோட கரண்டு கார்) வாங்கியிருக்கேன். வெள்ளை வண்டி. ரேஞ்ச், பேட்டரி பத்திக் கேட்க வரலை, அதுக்கு இங்கே ஏற்கனவே நூறு இழை ஓடுது. என் பிரச்சினை நீலம்.

அந்த மாடல் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். கிரில்லுக்குக் கீழே ஒரு நீலக் கோடு, ஃபாக் லைட்டைச் சுத்தி நீலம், ஜன்னலுக்கு அடியில முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் ஒரு நீலப் பட்டை. எங்க ஊருணிப் பக்கம் பாதை குறுகல், ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். எதிர்ல டிராக்டர் வந்தா ஒதுங்கித்தான் ஆகணும். ஒதுங்கி ஒதுங்கி இடது பக்கப் பட்டை பூரா முள்ளுக் கீறல். வெளியூர்ப் பட்டறை ஒண்ணுல முன் கதவுத் துண்டை மட்டும் அடிச்சு வாங்கினேன். இப்ப முன் கதவு ஒரு நீலம், பின் கதவு ஒரு நீலம்.

அப்பச்சி (எங்க அப்பா) சொல்றாங்க, "எதுக்குய்யா இந்தக் கோடெல்லாம், மொத்தத்தையும் கருப்படிச்சிட்டு நிம்மதியா ஓட்டு." ஆச்சி (எங்க அக்கா) நேர் எதிர். "அந்த நீலத்தை எடுத்துட்டா அது சாதா நெக்ஸான், அப்புறம் எதுக்கு இவ்வளவு காசு குடுத்து வாங்கின?" ஆச்சி வீட்டுக்காரர் வழக்கம்போல வாயைத் திறக்கலை.

எடுக்கலாமா, வைக்கலாமா? அப்படியே இன்னொண்ணும் கேட்டுக்கிறேன். கரண்டு வண்டினா நீலம்னு யார் முடிவு பண்ணது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டிங்கரிங் பட்டறை (காரைக்குடி)

அண்ணே, முதல்ல அந்தப் பட்டையைக் கழட்டிப் பின்பக்கம் பாருங்க. பிளாஸ்டிக் சாமான் எல்லாத்துலயும் பின்னாடி அது என்ன பிளாஸ்டிக்னு சின்ன எழுத்துல அச்சு இருக்கும். ஏபிஎஸ்னு இருந்தா பெயிண்ட் நல்லாப் பிடிக்கும். பிபினு இருந்தா அதுக்குன்னு தனி பிளாஸ்டிக் பிரைமர் அடிச்சே ஆகணும். அதை அடிக்காம நேரா கலர் அடிச்சிருந்தா நீங்க மறுபடி கீறல் வாங்க வேண்டியதே இல்லை, தண்ணி அழுத்தத்துல கழுவும்போதே ஏடு ஏடா உரியும்.

கதவுக்குக் கதவு நிறம் மாறினதுக்கு ஆளைத் திட்டிப் புண்ணியம் இல்லை. அது மினுக்கு கலந்த நீலம். மினுக்குத் தூள் எப்படிப் படுக்குதோ அப்படித்தான் நிறம் தெரியும். கன்ல காத்து கூட வச்சு, தள்ளி நின்னு அடிச்சா வெளுப்பாத் தெரியும். ஈரமா, கிட்ட அடிச்சா கருத்துத் தெரியும். ஒரே டப்பா பெயிண்ட்ல நானே ரெண்டு நாள் ரெண்டு மாதிரி அடிப்பேன். வெள்ளை வண்டியில கதவை ஒட்டுப்போட்டா யாருக்கும் தெரியாது. இந்த மாதிரி ஒரு விரல் அகலப் பட்டை கண்ணு மட்டத்துல நீளமா ஓடுறப்ப ஒரு துண்டு மாறினாலும் காட்டிக் கொடுத்துரும்.

அடிக்கிறதா இருந்தா அந்தப் பக்கத்துத் துண்டு அத்தனையும் கழட்டி ஒண்ணா வரிசையா வச்சு ஒரே தடவையா அடிக்கணும்.

கானாடுகாத்தான் சவாரி

நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டுறேன், ஹைக்ராஸ் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினும் கரண்டு மோட்டாரும் சேர்ந்தது. வெளிநாட்டுக்காரங்க பங்களா பாக்க வருவாங்க, அவங்களை ஆத்தங்குடி, பள்ளத்தூர், பிள்ளையார்பட்டினு சுத்திக் காட்டுறது. என் ஓட்டு நீலத்துக்குத்தான்.

ஏன்னா உங்களுக்குப் பச்சை நம்பர் போர்டு இருக்கு. 2018-ல கவர்மெண்டு கொண்டு வந்தது. சொந்த வண்டினா பச்சையில வெள்ளை எழுத்து, வாடகை வண்டினா பச்சையில மஞ்சள் எழுத்து. ஹைப்ரிட்டுக்கு அது கிடையாது. நானும் டீசல் வண்டிக்காரன் மாதிரி அதே மஞ்சள் போர்டுதான். சிட்டிக்குள்ள பாதி நேரம் மோட்டார்லதான் ஓடுறேன், சத்தமே இல்லை, ஆனா பாக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? பின்னாடி கதவுல ஹைப்ரிட்னு சின்னதா எழுதியிருக்கு, அவ்வளவுதான். எனக்கு ஒரு நீலக் கோடு குடுத்திருந்தா சந்தோஷமா வச்சுக்குவேன்.

பள்ளத்தூர் வரைகோடு

நான் சென்னையில வாகன வடிவமைப்பு சார்ந்த வேலை பார்க்கிறேன், ஊர் பள்ளத்தூர். நீலம் எங்கிருந்து வந்ததுனு கேட்டீங்க. ஒரு ஆள் உட்கார்ந்து முடிவு பண்ணதில்லை. கொஞ்சம் நீளமாத்தான் எழுதணும், பொறுத்துக்கோங்க.

காரோட முகத்துல ஒரு வண்ணக்கோடு போட்டு "உள்ளே இருக்கிறது வேற" என்று சொல்ற பழக்கம் பெட்ரோல் காலத்துல இருந்தே இருக்கு. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 1976-ல விற்பனைக்கு வந்தப்போ கிரில்லைச் சுத்தி மெல்லிசா ஒரு சிவப்புக் கோடு. மத்தபடி அதே கோல்ஃப்தான். அந்தச் சிவப்பைப் பார்த்தா வழிவிடணும்னு ஐரோப்பாவுல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதே நிறுவனம் 2014-ல பிளக்-இன் ஹைப்ரிட் (வெளியில இருந்து சார்ஜும் ஏத்திக்கிற ஹைப்ரிட்) கோல்ஃப் ஜிடிஇ கொண்டு வந்தப்போ சிவப்பு இருந்த அதே இடத்துல நீலம் போட்டாங்க. முழு மின்சாரக் கோல்ஃபுக்கும் நீலம்தான். புது மொழி கண்டுபிடிக்கலை, பழைய வாக்கியத்துல நிறத்தை மட்டும் மாத்தினாங்க.

ஆனா அதுக்கு முன்னாடியே டொயோட்டா தன் ஹைப்ரிட் வண்டிகளோட சின்னத்துக்குள்ள நீலச் சாயம் ஏத்த ஆரம்பிச்சிருச்சு. லெக்ஸஸும் அப்படியே. நம்ம ஊர்ல 2022-ல வந்த ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்ல சின்னத்தைச் சுத்தி நீலம் தெரியும், அதுவும் இந்த வம்சம்தான். 2013-ல வந்த பிஎம்டபிள்யூ ஐ3-ல கிரில்லுக்குக் காத்தே தேவையில்லை, சும்மா மூடி வச்ச ரெண்டு சிறுநீரக வடிவம், அதைச் சுத்தி நீலம். மெர்சிடிஸ் மின்சார வண்டிகளுக்கும் நீலம்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நீலத்தை முதல்ல கையில எடுத்தது டீசல்காரங்க! ஃபோக்ஸ்வாகன் 2006-ல புளூமோஷன் என்று போலோவுல ஆரம்பிச்சாங்க. மெர்சிடிஸ் டீசலுக்கு புளூடெக் என்று பேர். பச்சைங்கிற நிறத்தை அதுக்குள்ள சோப்புக் கம்பெனியில இருந்து பிளாஸ்டிக் பை வரைக்கும் எல்லாரும் தேய்ச்சுத் தேய்ச்சு நம்பிக்கை போயிருந்தது. நீலம் சுத்தமா இருந்தது. வானம், தண்ணி, கூடவே தொழில்நுட்பம். 2015-ல ஃபோக்ஸ்வாகனோட டீசல் புகை மோசடி வெளியே வந்த பிறகு டீசலுக்கு நீலம் பூசினா யாரும் நம்ப மாட்டாங்க. அந்த நிறத்தை மின்சார வண்டிங்க முழுசா எடுத்துக்கிச்சு.

இந்தியாவுக்கு வந்தா, 2020 ஜனவரியில நெக்ஸான் இவி. அடுத்து டிகோர் இவி 2021, டியாகோ இவி 2022. மூணுலயும் நீலம். காரணம் எளிது. மூணுமே பெட்ரோல் வண்டியோட உடம்பை வச்சுச் செஞ்சது. தகட்டை மாத்த அச்சு மாத்தணும், அதுக்குக் கோடிக்கணக்குல செலவு. பிளாஸ்டிக் துண்டுக்கு நிறம் மாத்தப் பெயிண்ட் இருந்தாப் போதும். மிகக் குறைஞ்ச செலவுல மிக அதிகமாப் பேசுற வழி அது.

கானாடுகாத்தான் சவாரி

டீசலுக்கு நீலம்னு சொன்னீங்களே, அது இன்னும் போகலை தங்கச்சி. பங்குல போய்ப் பாருங்க, டீசல் புகையைச் சுத்தம் பண்ண லாரிக்காரங்க ஊத்துற ஆட்புளூ கேன் என்ன நிறம்னு. என் பழைய வண்டிக்கு அதை வாங்கி வாங்கி ஓய்ஞ்சு போனேன்.

பள்ளத்தூர் வரைகோடு

சரியாச் சொன்னீங்கண்ணே, அதை மறந்தே போனேன். உள்ளே இருக்கிற திரவத்துக்கு நிறமே கிடையாது, வெறும் யூரியா கரைசல்தான். கேனும் மூடியும் மட்டும் நீலம்.

முகப்புவாசல் (தேவகோட்டை)

நல்லா இருக்கு. ஆனா நீலத்துக்கு இவ்வளவு வரலாறு இருந்தும் புது நெக்ஸான் இவியில அதைக் காணோமே? போன மாசம் காரைக்குடி ஷோரூம்ல பார்த்தேன், முகத்துல ஒரு விளக்குப் பட்டை மட்டும்தான் ஓடுது.

பள்ளத்தூர் வரைகோடு

ஆமா, 2023 செப்டம்பர்ல வந்த புது நெக்ஸான் இவியில நீலத்தை எடுத்துட்டாங்க. என் கணிப்பு ரெண்டு.

ஒண்ணு, டாக்ஸி. டிகோர் இவியோட வாடகை வண்டி வடிவம் எக்ஸ்பிரஸ்-டி. அதுலயும் நீல வேலைப்பாடு இருந்தது. சென்னை, பெங்களூர்ல ஏர்போர்ட் வாசல்ல வரிசையா நின்னா அதே நீலம். காசு போட்டு வாங்கினவனுக்கு எப்படி இருக்கும்? சவாரி அண்ணன் கோவிச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லலை.

இன்னொண்ணு, வண்டி தன்னாலே பேச ஆரம்பிச்சிருச்சு. கர்வ் இவி, கிரெட்டா எலெக்ட்ரிக் எல்லாம் மூடின முகம். மஹிந்திரா பிஇ 6-ஐ எந்தப் பெட்ரோல் வண்டினு நினைச்சுக் குழம்புவீங்க? வடிவமே சொல்லுது, கோடு தேவைப்படலை. டெஸ்லா ஆரம்பத்துல இருந்தே ஒரு நிறமும் பூசினதில்லை. டொயோட்டாவோட பிரியஸ் ஹைப்ரிட்டும் வடிவத்தாலயே தெரிஞ்சுது. அந்த முதுகு வடிவத்தை வேற எதுக்கும் குழப்ப முடியாது. அதே காலத்துல ஹோண்டா சிவிக் ஹைப்ரிட், பார்க்க சாதா சிவிக். இந்தியாவுக்கும் 2008-ல வந்துச்சு, எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? அமெரிக்காவுல கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களை வச்சு ஒரு பொருளியல் ஆய்வு 2014-ல வந்தது. சுற்றுச்சூழல் அக்கறை உள்ளவங்க அதிகம் வாழ்ற பகுதியில பிரியஸுக்குக் கூடுதல் மவுசு, காரணம் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கு அது தெரியுது என்று வாதிட்டாங்க.

ஆக உங்க வண்டியில இருக்கிற நீலம் 2020-ல இருந்து ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள வந்த வண்டிகளோட முத்திரை. அப்போ ரோட்ல கரண்டு கார் அபூர்வம். சொல்லிக்க வேண்டியிருந்தது.

சிக்ரி ஓய்வு (காரைக்குடி)

அன்பர்களுக்கு வணக்கம். இந்த விவாதத்தை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். நம் ஊரில் இருந்துகொண்டு மின்கலத்தின் நிறத்தைப் பற்றிப் பேசும்போது சிக்ரியின் பெயர் யார் வாயிலும் வரவில்லை என்பதில் எனக்குச் சிறு மனத்தாங்கல். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்ததே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். லித்தியம் மின்கல ஆய்வு அங்கே பல்லாண்டுகளாக நடக்கிறது.

சரி, நிறத்துக்கு வருகிறேன். மின்சாரக் காருக்கு நீலம் என்பது வேதியியல்படி பொருத்தமே இல்லை. லித்தியம் உப்பைத் தீச்சுடரில் காட்டினால் கருஞ்சிவப்பாக எரியும். நீலமும் பச்சையும் கலந்த சுடர் தருவது தாமிரம். சிவகாசியில் நீல மத்தாப்புக்குத் தாமிரச் சேர்மம்தான் போடுகிறார்கள்.

அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. உங்கள் காரின் மின்கலத்தில் எதிர்முனை என்பது தாமிரத் தகட்டின் மேல் பூசிய கிராஃபைட். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையே புகுகின்றன. அப்போது கிராஃபைட் நிறம் மாறும். தொடக்கத்தில் கருமை. கொஞ்சம் லித்தியம் ஏறியதும் கருநீலம். ஆறு கார்பனுக்கு அரை லித்தியம் என்ற அளவை எட்டும்போது செம்பு போன்ற சிவப்பு. ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்று முழுமையாக நிரம்பியதும் தங்க நிறம். கண்ணாடிச் சன்னல் வைத்த ஆய்வுக்கலத்தில் நுண்ணோக்கி வழியாக இதை நேரிலேயே பார்க்கலாம். பல முறை பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி.

எனவே நீலம் என்றால் பேட்டரி கிட்டத்தட்டக் காலி என்றுதான் நான் படித்துக்கொள்வேன்.

கானாடுகாத்தான் சவாரி

ஐயா 😀 அப்ப தங்கக் கலர் போட்டா ஃபுல் சார்ஜா?

சிக்ரி ஓய்வு (காரைக்குடி)

ஆம். அப்படி ஒரு கார் இருந்தால் அந்த வடிவமைப்பாளருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் வரைகோடு

இருக்கு ஐயா! போல்ஸ்டார்னு ஒரு கரண்டு கார் கம்பெனி. பெர்ஃபார்மன்ஸ் வகையில சீட் பெல்ட்டும் பிரேக் காலிப்பரும் (சக்கரத்துக்குள்ள தெரியிற பிரேக் கவ்வி) தங்க நிறம். கிராஃபைட்டை நினைச்சுச் செஞ்சிருக்க மாட்டாங்க, ஆனா நீங்க சொன்னதுக்கு அப்புறம் எனக்கு அதை வேற மாதிரிப் பார்க்கவே முடியாது.

தாமிரத்துக்கும் ஆள் இருக்கு. 2016-ல ஹூண்டாய் அயோனிக் ஒரே உடம்புல மூணு வகையா வந்தது. ஹைப்ரிட்டுக்கு நீலக் கோடு, முழு மின்சார வண்டிக்குத் தாமிரக் கோடு. ஒரே கம்பெனி, ஒரே வண்டி, நிறத்தை வச்சே எவ்வளவு தூரம் மின்சாரம்னு பிரிச்சுக் காட்டினாங்க. நம்ம ஊர்ல மஹிந்திரா எக்ஸ்யூவி400, 2022 செப்டம்பர்ல காட்டினது. முன்னாடி சின்னம் தாமிர நிறம், மேல் வகையில கூரையும் தாமிரம். நெக்ஸான் நீலத்தை எடுத்துக்கிட்டதால போட்டிக்காரங்களுக்கு வேற நிறம் வேண்டியிருந்தது என்பதும் ஒரு காரணமா இருக்கலாம், அது என் ஊகம்.

போர்ஷே மட்டும் தனி ராஜ்யம். 918 ஸ்பைடர்ல ஆரம்பிச்சு ஹைப்ரிட் வண்டிங்களுக்குக் கண்ணைக் கூசுற எலுமிச்சைப் பச்சை. எழுத்தைச் சுத்தி, பிரேக் காலிப்பர்ல. காரைக்குடியில அது வந்து நின்னா நான் ஓடி வந்து பார்ப்பேன்.

சிக்ரி ஓய்வு (காரைக்குடி)

தாமிரம்தான் உண்மையான நிறம். மோட்டார்ச் சுருள் தாமிரம், மின்கலத்தின் எதிர்முனைத் தகடு தாமிரம். அந்த நிறுவனத்தார் வேதியியல் அறிந்தோ அறியாமலோ சரியாகச் செய்திருக்கிறார்கள்.

டிங்கரிங் பட்டறை (காரைக்குடி)

ஐயா நிறத்தைப் பத்திப் பேசுறப்ப நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். கரண்டு வண்டியில எனக்குத் தெரிஞ்ச ஒரே நிறம் ஆரஞ்சு. பானட்டைத் திறந்தா தடி தடியா ஆரஞ்சு வயர் போகும். அதுல கை வைக்கக் கூடாது. டிங்கரிங் பண்றவன், வெல்டிங் அடிக்கிறவன் எல்லாம் இதைத் தெரிஞ்சுக்கணும். வழக்கமா வர்ற வண்டினு நினைச்சு ஒருத்தன் கட்டிங் பிளேயரோட உள்ள கையை விட்டா அவ்வளவுதான்.

சிக்ரி ஓய்வு (காரைக்குடி)

மிகச் சரி. வாகனத்தில் உயர் மின்னழுத்தக் கம்பிகளின் மேலுறை ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்பது ஐ.நா. வாகன விதி எண் 100-லேயே இருக்கிறது. நீலமும் தாமிரமும் அவரவர் விருப்பம், ஆரஞ்சு மட்டும் சட்டம். நெக்ஸான் போன்ற வண்டியில் அந்தக் கம்பியில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். வீட்டு மின்சாரத்தைவிட அதிகம், அதுவும் நேர்மின்சாரம்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவைக்கிறேன். பெயிண்ட் காய்வதற்கு வண்டியைச் சூடேற்றும் அறைக்குள் நிறுத்துவது உண்டல்லவா? மின்கலத்துக்கு அந்தச் சூடு ஆகாது. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று தயாரிப்பாளர் கையேட்டில் வரம்பு இருக்கும். அதைக் கேட்காமல் பூத்துக்குள் விடாதீர்கள்.

டிங்கரிங் பட்டறை (காரைக்குடி)

அதனாலதான் ஐயா, பட்டையைக் கழட்டித் தனியா அடிங்கனு முதல்லயே சொன்னேன். வண்டி வெளிய நிழல்ல நிக்கட்டும்.

பூக்கல் (ஆத்தங்குடி)

நான் டைல்ஸ் போடுற குடும்பம், கார் பத்தி அதிகம் தெரியாது. ஆனா கீறல், நிறம் என்றதும் எழுதத் தோணுச்சு.

எங்க கல்லுல நிறம் மேல பூசினது கிடையாது. கண்ணாடி மேல தகட்டு அச்சை வச்சு, கட்டம் கட்டமா கலர் சிமெண்டுக் கரைசலை ஊத்துவோம். அச்சை எடுத்துட்டு மேல காஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, அதுக்கு மேல கலவை போட்டு அமுக்கித் தண்ணித் தொட்டியில ஊற வைப்போம். நிறமே ஒரு தடிமனா நிக்கும். அம்பது அறுபது வருஷம் ஆச்சிமார் நடந்து தேஞ்சாலும் பூவு அழியாது, மழமழனுதான் ஆகும். சுடுறதே இல்லை, மெருகுப் பூச்சு எதுவும் இல்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சாப் போதும்.

கார் பட்டையில நிறம் காகிதம் கனம்கூட இருக்காதுபோல. முள்ளு இழுத்தா அடியில இருக்கிற பிளாஸ்டிக்தான் தெரியும். இந்த ஊர்ப் பாதைக்கு அந்த இடத்துல நிறம் வைக்கிறதே தப்புனு எனக்குப் படுது. வைக்கிறதா இருந்தா நிறம் கலந்தே வார்த்த பிளாஸ்டிக்கா இருக்கணும்.

பள்ளத்தூர் வரைகோடு

பூக்கல் அண்ணே, நீங்க சொன்னது ஒரு பெரிய விஷயம். வார்க்கும்போதே நிறம் கலக்கிற பிளாஸ்டிக் கார்கள்ல உண்டு. சக்கர வளைவுல, பம்பர் அடியில இருக்கிற சொரசொரப்பான கருப்பு எல்லாம் அப்படித்தான். ஆனா மினுக்கு கலந்த நீலத்தை அப்படி வார்த்தா பிளாஸ்டிக் உருகி ஓடின தடம் கோடு கோடாத் தெரியும். அதனால பளபளப்பு வேணும்னா பெயிண்ட்தான்.

முகப்புவாசல் (தேவகோட்டை)

அப்ப கருப்பு பெயிண்ட் அடிச்சாலும் முள்ளு இழுத்தா அதே கதைதானே?

டிங்கரிங் பட்டறை (காரைக்குடி)

பளபளா கருப்பு அடிச்சீங்கன்னா இதைவிட மோசம். நம்ம செம்மண் புழுதியில துணி வச்சுத் துடைச்சாலே வட்டம் வட்டமா கீறல் விழும். மங்கின கருப்பு அடிக்கணும், சாட்டின் பினிஷ். அது கீறலை மறைக்கும். அடியில இருக்கிற பிளாஸ்டிக்கும் கருப்பா இருந்தா முள்ளுக் கோடு விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

இல்லைனா ஸ்டிக்கர். ஆனா பஸ் ஸ்டாண்டு பக்கம் நம்பர் பிளேட் ஒட்டுற கடையில போய் ஒட்டிராதீங்க. அங்க இருக்கிறது உருட்டித் தேய்ச்ச மலிவு வினைல், ரெண்டு சித்திரை வெயில் பார்த்தா ஓரம் சுருங்கிப் பசை தெரியும். வார்ப்பு வினைல்னு ஒண்ணு இருக்கு, விலை கூட, ஆனா சுருங்காது. மதுரையில ராப் பண்றவங்க வச்சிருப்பாங்க. முள்ளு இழுத்துச்சுனா அந்த ஒரு துண்டை மட்டும் உரிச்சு வேற ஒட்டலாம். நிறம் மாறுமோனு பயமில்லை. நாளைக்கு விக்கிறப்ப உரிச்சா அடியில நீலம் இருக்கும்.

கானாடுகாத்தான் சவாரி

வண்டியில நிறத்தை மாத்தினா ஆர்டிஓ பிடிப்பாங்கனு ஒருத்தர் சொன்னாரே?

டிங்கரிங் பட்டறை (காரைக்குடி)

மொத்த வண்டியும் வேற நிறம் அடிச்சாத்தான் ஆர்சி புக்குல மாத்தணும். அதுல நிறம் வெள்ளைனு இருக்கு, வண்டி வெள்ளைதானே. பட்டைக்கு யாரும் கேட்க மாட்டாங்க. பச்சை போர்டை மட்டும் தொடாதீங்க. ஒருத்தர் வந்து பச்சை அசிங்கமா இருக்கு, கருப்பு அக்ரிலிக்ல போட்டுத் தாங்கனு கேட்டார். போங்கய்யானு அனுப்பிட்டேன்.

முகப்புவாசல் (தேவகோட்டை)

வினைல் யோசனை பிடிச்சிருக்கு. ஆனா ஒரு சந்தேகம். பக்கவாட்டு நீலத்தை மூடிட்டு முன்னாடி நீலத்தை மட்டும் விட்டா பாதி வேலை பண்ணின மாதிரி இருக்காதா? வரைகோடு, நீங்க சொல்லுங்க, உங்களுக்குத்தான் கண்ணு இருக்கு.

பள்ளத்தூர் வரைகோடு

இருக்காதுண்ணே. சொல்லப்போனா அதுதான் நல்லா இருக்கும். கோல்ஃப் ஜிடிஇ-ல நீலம் முகத்துல மட்டும்தான் ஓடும், உடம்பு முழுக்க இழுக்கலை. பக்கவாட்டுல ஜன்னலுக்கு அடியில கருப்பு ஓடினா ஜன்னல் கண்ணாடியோட சேர்ந்து ஒரே கருப்புப் பட்டையாத் தெரியும், வெள்ளை வண்டிக்கு அது எடுப்பா இருக்கும். முன்னாடி ஃபாக் லைட்டைச் சுத்தி இருக்கிற நீலமும் கிரில் நீலமும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதால ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். ஒண்ணை மட்டும் விட்டு ஒண்ணை எடுக்காதீங்க. அப்படிச் செஞ்சா உடைஞ்ச சாமானை மாத்தாம விட்ட மாதிரித் தெரியும்.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டா, எல்லா நீலத்தையும் எடுக்கலாம். பச்சை போர்டு இருக்கும்போது கோடு எதுக்கு? முன்னும் பின்னும் இவ்வளவு பெருசாச் சொல்லுது. இங்கிலாந்துல 2020 கடைசியில பச்சை குடுத்தாங்க, அதுவும் தகட்டு ஓரத்துல ஒரு துண்டுதான். நம்ம ஊர்ல தகடு முழுக்கப் பச்சை. அதுக்கும் மேல நீலம் பூசினா ஒரே சேதியை ரெண்டு தடவை சத்தம் போட்டுச் சொல்ற மாதிரி. ஆனா உங்க ஆச்சி முகத்துல முழிக்கணும்ல, அதனால முன்னாடி நீலத்தை விட்டுருங்க.

கானாடுகாத்தான் சவாரி

நான் ஒத்துக்க மாட்டேன். போர்டு சட்டத்துக்கு, கோடு வண்டிக்கு. எல்லாத்தையும் கருப்பாக்கிட்டா ரோட்ல எல்லா வண்டியும் ஒரே மாதிரி. இப்பவே வெள்ளை, கருப்பு, சாம்பல் மூணைத் தவிர வேற கார் கண்ணுல படுறதில்லை. என் வண்டியில வர்ற பிரெஞ்சுக்காரங்க கானாடுகாத்தான் வீட்டு முகப்புச் சுதையைப் பாத்துட்டு, ஒரு பொம்மைக்கு இத்தனை நிறமானு வாயைப் பிளப்பாங்க. நம்ம ஆளுங்களா நீலத்துக்குக் கூச்சப்படுறது?

பூக்கல் (ஆத்தங்குடி)

சவாரி அண்ணே, டைல்ஸ் கேட்டு வர்றவங்களும் இப்ப கருப்பு வெள்ளைதான் கேக்குறாங்க. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவங்க கேட்டாத்தான்.

சிக்ரி ஓய்வு (காரைக்குடி)

முகப்புவாசல் அவர்களே, அப்பச்சி கேட்ட கருப்பு பக்கவாட்டிலும் ஆச்சி கேட்ட நீலம் முகத்திலும் அமைந்தால் வீட்டில் வழக்கு தீர்ந்ததாகக் கொள்ளலாம். என் ஒரே வேண்டுகோள், சார்ஜ் முழுதாக ஏறிய வண்டியை வெயிலில் நாள்கணக்கில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். நிறத்தைவிட அது முக்கியம்.

நிர்வாகி

சார்ஜ் எத்தனை சதவீதம் வைக்கலாம் என்ற பேச்சு பேட்டரி இழையில் தொடரட்டும். இங்கே நிறம் மட்டும்.

முகப்புவாசல் (தேவகோட்டை)

எல்லாருக்கும் நன்றி. முடிவு பண்ணிட்டேன். பக்கவாட்டுப் பட்டை ரெண்டு பக்கமும் சாட்டின் கருப்பு, வார்ப்பு வினைல். முன்னாடி நீலம் அப்படியே இருக்கும். அப்பச்சியிடம் சொன்னேன், "பாதி எடுத்தியா, சரி, மீதியை அடுத்த வருஷம் எடு"னு சொல்லிட்டாங்க. ஆச்சிக்கு இன்னும் சொல்லலை.

பட்டறை அண்ணே, ஒட்டுறதுக்கு முன்னாடி பழைய பெயிண்டை முழுசா எடுக்கணுமா? முன் கதவுல அந்த வெளியூர் நீலம் இருக்கே.

டிங்கரிங் பட்டறை (காரைக்குடி)

முழுசா எடுக்க வேண்டாம்ணே. முள்ளுக் கீறல் மேடு பள்ளம் இருந்தா வினைல் அடியில அப்படியே காட்டும், அதனால வாட்டர் பேப்பர்ல தேய்ச்சு மட்டம் பண்ணிரணும். வெளியூர் நீலத்துல நகத்தால கீறிப் பாருங்க. உரிஞ்சு வந்துச்சுனா பிரைமர் அடிக்கலைனு அர்த்தம். அந்தத் துண்டுல மட்டும் பெயிண்டைச் சுத்தமா எடுத்துரணும், இல்லைனா பின்னாடி வினைலை உரிக்கிறப்ப பெயிண்டும் சேர்ந்து வரும்.

வினைலை மதுரையில இருந்து வாங்கி வச்சுக்கிட்டு போன் பண்ணுங்க, தேய்ச்சு மட்டம் பண்ற வேலையை நான் பாத்துக்கிறேன். வர்றதுக்கு முன்னாடி வண்டியைக் கழுவுங்க, ஆனா டாஷ்போர்டுக்கும் டயருக்கும் அடிக்கிற பாலிஷ் எதையும் தொடாதீங்க. அதுல சிலிக்கான் இருக்கும், பட்ட இடத்துல பெயிண்டும் பிடிக்காது, பசையும் பிடிக்காது.